உயர்ரக கேமிங் பிசி அசெம்பிள் பண்ணப் போறீங்களா? கொச்சி வெயில், மழை, கரண்டுக்கு ஏற்ற பாகங்களைத் தேர்வு செய்வது எப்படி?

களமசேரியில் உள்ள கேரள ஸ்டார்ட்-அப் மிஷன் வளாகத்திலோ காக்கநாடு இன்ஃபோபார்க்கிலோ வேலை. பக்கத்திலேயே வாடகை ஃபிளாட். கையில் நாலு காசு சேர்ந்ததும் பலருக்கு வரும் ஆசை இது: லேப்டாப்பை ஓரம் கட்டிவிட்டு, ஒவ்வொரு பாகத்தையும் நாமே தேர்ந்தெடுத்து ஒரு நல்ல கேமிங் பிசி அசெம்பிள் செய்ய வேண்டும். மாலையில் கேம், மற்ற நேரத்தில் பிளெண்டர், வீடியோ எடிட்டிங், கொஞ்சம் ஏஐ என்று வேலைக்கும் பயன்படும்.

உயர்ரகம் என்று இறங்கிவிட்டால் பில் எளிதில் சில லட்சங்களைத் தொடும். இவ்வளவு பணத்துக்கு வாங்கும்போது நாம் பார்ப்பது பெரும்பாலும் யூடியூப் ரிவ்யூக்களை. அவற்றில் பல அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ ஏசி போட்ட அறையில் எடுக்கப்பட்டவை. அங்கே அறை வெப்பம் 21, 22 டிகிரி. கொச்சியில் ஏப்ரல் மாதம் ஏசி இல்லாத அறை 32 டிகிரியைத் தொடும். ஜூன், ஜூலையில் காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் நிற்கும். இடி இடிக்கும் மாலைகளில் கரண்ட் போய்ப் போய் வரும்.

அதனால் பாகங்களின் பட்டியலைப் பெட்டிக்கு வெளியே இருந்து தொடங்குவது நல்லது. எந்தத் திரையில் விளையாடப் போகிறோம், எந்த அறையில் வைக்கப் போகிறோம், சுவரில் உள்ள பிளக் எப்படி இருக்கிறது என்ற மூன்று கேள்விக்கும் பதில் தெரிந்தால், உள்ளே போகும் பாகங்களில் பாதி தானாகவே முடிவாகிவிடும்.

முதலில் மானிட்டரா? ஏன்?

கிராஃபிக்ஸ் கார்டு எவ்வளவு உழைக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது திரைதான். ஒரு ஃபுல் ஹெச்டி திரையில் சுமார் 20.7 லட்சம் பிக்சல்கள் உள்ளன. 1440பி திரையில் 36.9 லட்சம். 4கே திரையில் 82.9 லட்சம். அதாவது 1440பி-யிலிருந்து 4கே-வுக்குப் போனால், ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கார்டு வரைய வேண்டிய புள்ளிகள் இரண்டேகால் மடங்காகின்றன.

வேலரண்ட், கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 போன்ற போட்டி கேம்கள்தான் உங்கள் உலகம் என்றால், 27 இன்ச், 1440பி, 240 ஹெர்ட்ஸ் திரை போதும். இங்கே ஃப்ரேம்களின் எண்ணிக்கை முக்கியம், அதற்குப் பிராசஸர் வேகம் தேவை. சைபர்பங்க் 2077, பிளாக் மித்: வூகாங் போன்ற காட்சிப் பிரம்மாண்டம்தான் வேண்டும் என்றால் 4கே பக்கம் போகலாம். அங்கே பட்ஜெட்டின் பெரும்பகுதியைக் கிராஃபிக்ஸ் கார்டு விழுங்கிவிடும்.

ஃபுல் ஹெச்டி, 60 ஹெர்ட்ஸ் மானிட்டரை வைத்துக்கொண்டு 2 லட்ச ரூபாய் கார்டு வாங்குவது வீண். 2025 செப்டம்பர் 22 முதல், 32 இன்ச்சுக்கு மேற்பட்ட மானிட்டர்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. பெரிய திரை வாங்க நினைத்து தள்ளிப்போட்டவர்கள் விலையை மறுபடி ஒருமுறை பார்க்கலாம்.

கிராஃபிக்ஸ் கார்டு: எது போதும்?

என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 50 வரிசை 2025 ஜனவரியில் அறிமுகமானது. இந்தியாவில் நிறுவனம் அறிவித்த தொடக்க விலைகளையும், கார்டு எடுக்கும் அதிகபட்ச மின்சாரத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு தெளிவு கிடைக்கும்.

ஆர்டிஎக்ஸ் 5070: 59,000 ரூபாய், 12 ஜிபி நினைவகம், 250 வாட்.
ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ: 80,000 ரூபாய், 16 ஜிபி, 300 வாட்.
ஆர்டிஎக்ஸ் 5080: 1,07,000 ரூபாய், 16 ஜிபி, 360 வாட்.
ஆர்டிஎக்ஸ் 5090: 2,14,000 ரூபாய், 32 ஜிபி, 575 வாட்.

கடை விலை இதிலிருந்து மாறும். ஆனால் இந்த நாலு வரிகளுக்கு இடையே உள்ள ஏணியைக் கவனியுங்கள். 5080-லிருந்து 5090-க்கு ஏறும்போது விலை இரண்டு மடங்கு, மின்சாரம் ஒன்றரை மடங்குக்கும் மேல். அந்த ஒரு படி ஏறினால் எஸ்எம்பிஎஸ், கேபினெட், யூபிஎஸ், ஏசி என எல்லாவற்றையும் ஒரு படி ஏற்ற வேண்டியிருக்கும்.

1440பி திரைக்கும், ஓரளவு 4கே-வுக்கும் 5070 டிஐ அல்லது ஏஎம்டியின் ரேடியான் ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி சரியான இடம். 2025 மார்ச்சில் வந்த 9070 எக்ஸ்டியிலும் 16 ஜிபி நினைவகம் உண்டு, மின்சாரம் 304 வாட். கேம் மட்டும்தான் என்றால் இரண்டில் எது மலிவாகக் கிடைக்கிறதோ அதை வாங்கலாம். பிளெண்டர் ரெண்டரிங்கும் ஏஐ வேலையும் உண்டு என்றால் என்விடியா பக்கம் சாய்வது வசதி. பல மென்பொருள்கள் அதன் கூடா தொழில்நுட்பத்தை வைத்தே எழுதப்பட்டவை.

ஏஐ மாடல்களை வீட்டிலேயே ஓட்ட நினைப்பவர்களுக்கு ஒரு எளிய கணக்கு: 4-பிட் அளவுக்குச் சுருக்கிய மாடலில் 100 கோடி பாராமீட்டருக்கு சுமார் அரை ஜிபி நினைவகம் வேண்டும். 3,200 கோடி பாராமீட்டர் மாடலுக்கு அதுவே 16 ஜிபி ஆகிவிடும். மற்ற தேவைகளையும் சேர்த்தால் 16 ஜிபி கார்டில் அது அடங்காது. இந்த வேலையில் சம்பாதிப்பவருக்கு 5090-இன் 32 ஜிபிக்கு அர்த்தம் இருக்கிறது. கேம் ஆட மட்டும் அந்தப் பணம் தேவையா என்று ஒரு வாரம் யோசிக்கலாம்.

விளம்பரங்களில் வரும் ஃப்ரேம் எண்ணிக்கையை அப்படியே நம்ப வேண்டாம். டிஎல்எஸ்எஸ் 4-இன் மல்டி ஃப்ரேம் ஜெனரேஷன், கேம் உண்மையில் உருவாக்கும் இரண்டு ஃப்ரேம்களுக்கு இடையே செயற்கையாக மூன்று ஃப்ரேம்கள் வரை சேர்க்கும். திரையில் ஓட்டம் வழுக்கிக்கொண்டு தெரியும். ஆனால் மவுஸை அசைத்ததும் கிடைக்க வேண்டிய உடனடி உணர்வு கூடாது. விலை ஒப்பிடும்போது இந்த வசதி இல்லாமல் எடுத்த எண்களைப் பாருங்கள்.

பிராசஸர்: 16 கோர் எல்லாம் வேணுமா?

கேமுக்கு மட்டும் என்றால் வேண்டாம். 2024 நவம்பரில் வந்த ஏஎம்டி ரைசன் 7 9800எக்ஸ்3டி-யில் 8 கோர்கள்தான். ஆனால் வழக்கமான 32 எம்பி எல்3 கேஷுடன், சிப்பின் அடியில் இன்னொரு 64 எம்பி அடுக்கி வைத்திருக்கிறார்கள். கேம்கள் அடிக்கடி தேடும் தகவல் பிராசஸருக்குப் பக்கத்திலேயே இருப்பதால், ரேமுக்குப் போய் வரும் நேரம் மிச்சம். 4கே திரையில் இந்த வித்தியாசம் குறையும். அங்கே கிராஃபிக்ஸ் கார்டு முடிக்கும் வரை பிராசஸர் காத்திருக்கும். ஆகவே 4கே-தான் என்றால் எக்ஸ்3டி இல்லாத ரைசன் பிராசஸரை எடுத்து, மிச்சப் பணத்தைக் கார்டில் போடலாம். வீடியோ, ரெண்டரிங் வேலை அதிகமென்றால் 16 கோர் கொண்ட 9950எக்ஸ்3டி இருக்கிறது.

இந்தப் பிராசஸர்கள் பொருந்தும் ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027 வரையிலும் அதற்குப் பிறகும் ஆதரவு தருவதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. நாளை பிராசஸரை மட்டும் மாற்ற நினைத்தால் மதர்போர்டைத் தூக்கிப்போட வேண்டியதில்லை.

செகண்ட் ஹேண்ட் சந்தையில் இன்டெல் கோர் ஐ9-13900கே, 14900கே மலிவாகக் கிடைத்தால் கவனம். 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்களில் அதிக வோல்டேஜால் நிலைத்தன்மை கெடும் சிக்கலை இன்டெல் 2024-இல் ஒப்புக்கொண்டு, வாரண்டியை 2 ஆண்டு நீட்டித்தது. மைக்ரோகோட் அப்டேட் இனிமேல் வரும் சேதத்தைத் தடுக்கும். ஏற்கெனவே தேய்ந்துபோன சிப்பை அது சரிசெய்யாது.

ரேம் விலை ஏன் இப்படி ஏறுது?

ஏஐ டேட்டா சென்டர்கள் நினைவக சிப்களை அள்ளிக்கொண்டு போவதுதான் முக்கியக் காரணம். 2025 கடைசியில் ரேம் விலை கடுமையாக ஏறியது. 2025 டிசம்பர் 3 அன்று மைக்ரான் நிறுவனம், பொதுமக்களுக்கான குரூஷியல் ரேம், எஸ்எஸ்டி வியாபாரத்திலிருந்து விலகுவதாகவே அறிவித்தது.

இந்த நேரத்தில் 64 ஜிபி ஆசையை விடலாம். கேமுக்கு 32 ஜிபி போதும். 16 ஜிபி குச்சிகள் இரண்டாக, ஒரே பெட்டியில் வந்த ஜோடியாக வாங்குங்கள். நாலு குச்சி போட்டால் ஏஎம்5 போர்டுகளில் டிடிஆர்5 வேகம் இறங்கிவிடும். 6000 வேகம், சிஎல்30 என்று போட்டிருக்கும் ஜோடி நல்ல இடைநிலை. வாங்கிப் போட்டதோடு நிறுத்தாமல் பயாஸில் எக்ஸ்போ அமைப்பை ஆன் செய்ய வேண்டும். இல்லையென்றால் காசு கொடுத்த வேகம் கிடைக்காது.

எஸ்எஸ்டியில் ஜென் 5 வகை வினாடிக்கு 14 ஜிபி வரை படிக்கும், ஜென் 4 வகை 7 ஜிபி வரை. கேம் திறக்கும் நேரத்தில் இந்த இரட்டிப்பு அப்படியே தெரியாது, சூடு மட்டும் கூடும். வேகத்தை விட அளவைப் பாருங்கள். பிளாக் மித்: வூகாங் ஒன்றுக்கே 130 ஜிபி வேண்டும். 2 டிபி ஜென் 4 எஸ்எஸ்டி எடுத்தால் இரண்டு மூன்று வருடம் நிம்மதி.

மதர்போர்டில் நடுத்தர பி850 அல்லது பி650 வகையே தாராளம். வைஃபை, போதுமான எம்.2 இடங்கள், பிராசஸருக்குச் சுற்றிலும் நல்ல ஹீட்சிங்க் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். விலை கூடின போர்டால் ஃப்ரேம் கூடாது.

எஸ்எம்பிஎஸ்: யாரும் கேட்காத பாகம்

பட்ஜெட் மீறும்போது முதலில் கத்தி விழுவது எஸ்எம்பிஎஸ் மேல்தான். ஆனால் பெட்டியில் உள்ள ஒவ்வொரு பாகமும் குடிப்பது இது தரும் மின்சாரத்தை. இது மோசமாகப் போகும்போது தனியாகப் போகாமல் கூடவே ஒன்றிரண்டைக் கூட்டிக்கொண்டு போகக்கூடும்.

5070 டிஐ, 9070 எக்ஸ்டி கார்டுகளுக்குத் தயாரிப்பாளர்கள் சொல்வது 750 வாட். 850 வாட் எடுத்தால் நெருக்கடி இல்லாமல் ஓடும். 5080-க்கு 850 வாட், 5090-க்கு 1000 வாட் என்கிறது என்விடியா. பெட்டியில் 80 பிளஸ் கோல்டு முத்திரையும், ஏடிஎக்ஸ் 3.0 அல்லது 3.1 என்ற குறிப்பும் இருக்க வேண்டும். புதிய கார்டுகள் கண் இமைப்பதற்குள் வழக்கத்தை விட அதிக மின்சாரத்தை இழுத்துவிட்டுத் தணியும். அந்த திடீர் இழுப்பைத் தாங்குவதற்காக உருவான விதிமுறை இது. நல்ல எஸ்எம்பிஎஸ்களுக்கு 7 முதல் 10 ஆண்டு வாரண்டி உண்டு. அடுத்த பிசிக்கும் இதையே எடுத்துப் போகலாம்.

ஒயர் உருகுற கதை உண்மையா?

உண்மை. 2022-இல் ஆர்டிஎக்ஸ் 4090 வந்த சில வாரங்களில், அதன் 16 பின் கனெக்டர் உருகிய புகார்கள் வந்தன. தனக்குத் தெரிந்து சுமார் 50 சம்பவங்கள் என்றும், கனெக்டர் முழுசாகச் சொருகப்படாததுதான் பொதுவான காரணம் என்றும் அந்த ஆண்டு நவம்பரில் என்விடியா கூறியது. பிறகு 12வி-2எக்ஸ்6 என்ற திருத்திய வடிவம் வந்தது. 5090 வந்த பிறகும் இத்தகைய புகார்கள் நிற்கவில்லை.

காரணம் பள்ளிக்கூடக் கணக்குதான். 600 வாட்டை 12 வோல்ட்டில் அனுப்ப 50 ஆம்பியர் வேண்டும். அதை 6 பின்கள் பங்கு போட்டால் ஒவ்வொன்றிலும் 8.3 ஆம்பியருக்கு மேல். பழைய 8 பின் கனெக்டரில் 150 வாட்தான், 3 பின்கள், ஒவ்வொன்றிலும் 4.2 ஆம்பியர் அளவு. புதியதில் தப்புக்கு இடம் குறைவு. ஒரு பின் சரியாகத் தொடாவிட்டால் அதன் பங்கை மற்றவை சுமந்து சூடேறும்.

செய்ய வேண்டியது இது: எஸ்எம்பிஎஸ்ஸோடு வந்த ஒயரையே பயன்படுத்துங்கள், அடாப்டர் வேண்டாம். இடைவெளி தெரியாத அளவுக்கு அழுத்திச் சொருகுங்கள். கனெக்டரை ஒட்டி ஒயரை மடக்காதீர்கள். கேபினெட்டின் கண்ணாடி ஒயரை இடிக்கிறதா என்று பாருங்கள். 300 வாட் கார்டில் இந்தச் சுமை பாதிதான் என்பது 5090-ஐத் தவிர்க்க இன்னொரு காரணம்.

வெயிலைச் சமாளிப்பது எப்படி?

அறை 10 டிகிரி கூடினால் உள்ளே உள்ள சிப்களும் ஏறக்குறைய 10 டிகிரி கூடும். ரிவ்யூவில் 70 டிகிரி காட்டும் கார்டு ஏசி இல்லாத களமசேரி அறையில் 80 காட்டும். அதனால் கேபினெட் வாங்கும்போது முன்பக்கம் முழுதும் கண்ணாடி போட்ட அழகை விட்டுவிட்டு, வலை போட்ட முன்பக்கம், கழற்றிக் கழுவக்கூடிய ஃபில்டர் உள்ளதைப் பாருங்கள். உள்ளே காற்றைத் தள்ளும் ஃபேன்கள் வெளியேற்றுபவற்றை விட ஒன்று கூடுதலாக இருந்தால், தூசி ஃபில்டர் வழியாகத்தான் வர முடியும். பல 5090 கார்டுகள் 33 சென்டிமீட்டரைத் தாண்டுகின்றன. கேபினெட்டுக்குள் எவ்வளவு நீளம் போகும் என்று முன்னாடியே அளந்து பார்ப்பது நல்லது.

9800எக்ஸ்3டி-க்கு இரட்டைக் கோபுர ஹீட்சிங்க் கூலரே போதும். தண்ணீர்க் கூலர் அழகுதான், ஆனால் அதில் பம்ப் என்று ஒன்று கூடுதலாக இருக்கிறது. ஃபேன் போனால் 500, 1000 ரூபாயில் மாற்றலாம். பம்ப் போனால் கூலரையே மாற்ற வேண்டும்.

சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் அறைக்குள் வெப்பமாகத்தான் வந்து சேரும். 5090 பிசி கேம் ஓடும்போது சுமார் 800 வாட் இழுக்கும். 1 டன் ஏசியின் குளிர்விக்கும் திறன் சுமார் 3,500 வாட். அதில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கை உங்கள் பிசியே தின்றுவிடும்.

கரண்ட் பில் எவ்வளவு கூடும்?

5070 டிஐ வகை பிசி சுவரில் சுமார் 500 வாட் எடுக்கிறது என்று வையுங்கள். தினம் 4 மணி நேரம் ஆடினால் 2 யூனிட், மாதம் 60 யூனிட். 5090 என்றால் மாதம் 96 யூனிட். ஏசி கணக்கு தனி.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2 மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற நம்ம ஊர் வசதி இங்கே இல்லை. கேரள மின் வாரியத்தின் வீட்டுக் கட்டணத்தில் மாதம் 250 யூனிட் வரைதான் படிப்படியான விகிதம். அதைத் தாண்டினால், முதல் யூனிட்டிலிருந்து மொத்தத்துக்கும் ஒரே உயர் விகிதம். ஏற்கெனவே 220 யூனிட் ஓடும் வீட்டில் 60 யூனிட் சேர்ந்தால், கூடுதல் 60-க்கு மட்டுமல்லாமல் பழைய 220-க்கும் விலை மாறிவிடும். 2 மாத பில்லில் 500 யூனிட் என்ற கோட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறீர்கள் என்று பழைய பில்லை எடுத்துப் பாருங்கள். ஃபிளாட்டைப் பகிர்ந்து இருப்பவர்கள் இதைப் பற்றி முன்னாடியே பேசிவிட்டால் மாசக் கடைசியில் மனஸ்தாபம் வராது.

எர்த், மின்னல், யூபிஎஸ்

230 வோல்ட்டில் 800 வாட் என்பது 3.5 ஆம்பியர். சாதாரண 6 ஆம்பியர் பிளக் தாங்கும். கேள்வி அதன் எர்த் பற்றியது. மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி பகுதிகளின் பழைய வீடுகளில் வாடகைக்கு இருப்பவர்கள் இதை முதல் வேலையாகச் சரிபார்க்க வேண்டும். கேபினெட்டின் இரும்பைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்கிறதா? எர்த் இல்லை என்பதன் அறிகுறி அது. எஸ்எம்பிஎஸ்ஸில் இருக்கும் ஃபில்டர், இரைச்சல் மின்னோட்டத்தை எர்த் வழியாக இறக்கும்படி வடிவமைக்கப்பட்டது. வழி இல்லாதபோது அது கேபினெட்டிலேயே தங்கிவிடும். சர்ஜ் புரொடெக்டரும் பெரும்பாலும் எர்த்தை நம்பித்தான் வேலை செய்கிறது. ஓர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 வோல்ட் அளவிலும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்டும் இருந்தால் நல்லது. வீட்டு ஓனரிடம் சொல்லிச் சரிசெய்ய வைக்க இதுவே ஆதாரம்.

கேரளத்தில் ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பரின் துலாவர்ஷ காலத்திலும் மதியத்துக்கு மேல் இடி மின்னல் அதிகம். பக்கத்தில் விழும் மின்னலை எந்த ஸ்பைக் பஸ்டரும் முழுசாகத் தடுக்காது. இடி கேட்டதும் பிசி பிளக்கையும், ரூட்டரிலிருந்து வரும் லேன் ஒயரையும் கழற்றிவிடுவதுதான் வழி. ஃபைபர் ஒயர் கண்ணாடி இழை, மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் அந்தப் பெட்டியின் அடாப்டர் கடத்தும், அங்கிருந்து லேன் ஒயர் வழியாக மதர்போர்டு வரை வந்துவிடும்.

யூபிஎஸ் வாங்கும்போது விஏ எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். 1000 விஏ என்று போட்ட சாதாரண யூபிஎஸ் பெரும்பாலும் 600 வாட்தான் தரும். 500 வாட் பிசியும் ஒரு மானிட்டரும் அதில் அடங்கும். 5090 பிசிக்கு 900 வாட்டுக்கு மேல் தரும் யூபிஎஸ் வேண்டும். நல்ல எஸ்எம்பிஎஸ்கள் சில சதுர அலை யூபிஎஸ்ஸோடு ஒத்துப்போகாமல் அணைந்துவிடும் என்பதால், ப்யூர் சைன் வேவ் என்று போட்டிருப்பதே பாதுகாப்பு. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதை யூபிஎஸ் மோடில் வையுங்கள். கரண்ட் போனதும் கேமைத் தொடர இது உதவாது. சேவ் செய்து அணைக்க ஐந்து நிமிடம் கிடைத்தால் போதும்.

மழைக்காலத்தில் பிசியைப் பூட்டி வைக்கலாமா?

வாரக்கணக்கில் ஓடாமல் இருப்பதுதான் ஈரத்துக்கு வசதி. ஓடும் பிசி தன் சூட்டிலேயே உலர்ந்துவிடும். ஊருக்குப் போகும் முன் பிளக்கைக் கழற்றி, சிலிக்கா ஜெல் பைகளோடு மூடி வையுங்கள். ஏசியில் குளிர்ந்துபோன பிசி அணைந்திருக்கும்போது ஜன்னலைத் திறந்தால், ஈரக்காற்று அதன் உலோகத்தில் பனி மாதிரி படியும். உடனே ஆன் செய்யாமல் கொஞ்ச நேரம் விடுங்கள். கடற்கரைப் பக்கம் வீடு என்றால் உப்புக்காற்றும் சேரும், ஃபில்டரை மாதம் ஒருமுறை கழுவிக் காயவைத்து மாட்டுங்கள்.

தரைத்தள வீட்டில் இருப்பவர்கள் கேபினெட்டைத் தரையில் வைக்க வேண்டாம். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் பெரியாற்றுத் தண்ணீர் ஆலுவா, களமசேரி பகுதிகளுக்குள் வந்ததும், முட்டம் பணிமனைக்குள் நீர் புகுந்து மெட்ரோ ரயிலே நின்றதும் இங்கே யாரும் மறக்கவில்லை.

எங்கே வாங்குறது?

சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட், பெங்களூரில் எஸ்.பி. ரோடு போல, கொச்சியில் மரைன் டிரைவ் பக்கத்து பென்டா மேனகா எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்குப் பெயர்பெற்றது. களமசேரியிலிருந்து மெட்ரோவில் எம்.ஜி. ரோடு வரை வந்தால் அங்கிருந்து ஆட்டோ தூரம். உயர்ரக கார்டு எல்லாக் கடையிலும் ஸ்டாக் இருக்காது என்பதால், ஆன்லைன் விலையையும் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

எங்கே வாங்கினாலும் ஜிஎஸ்டி பில் கட்டாயம். "சேட்டா, பில்லுல சீரியல் நம்பரும் போட்டுத் தாங்க" என்று கேட்டு வாங்குங்கள். பில் இல்லாமல் சில ஆயிரம் குறைத்துத் தருகிறேன் என்றால், 3 வருட வாரண்டியை அந்தச் சில ஆயிரத்துக்கு விற்கிறீர்கள் என்று பொருள். ஜிஎஸ்டி பதிவுள்ள ஃப்ரீலான்சராக இருந்து, வேலைக்காகத்தான் வாங்குகிறீர்கள் என்றால் ஆடிட்டரிடம் உள்ளீட்டு வரிச் சலுகை பற்றியும் கேட்டுவிடுங்கள்.

கொச்சிக்கே உரிய இன்னொரு வழி, துபாயிலிருந்து வரும் நண்பர். அங்கே வாட் வரி 5 சதவீதம், இங்கே ஜிஎஸ்டி 18. மலிவாகத் தெரியும். ஆனால் பல நிறுவனங்களின் வாரண்டி வாங்கிய நாட்டுக்குள்தான் செல்லும், சுங்கத்தின் இலவச வரம்பைத் தாண்டினால் வரியும் உண்டு. கெட்டுப்போனால் அதே நண்பர் திரும்பத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். ரேம், எஸ்எஸ்டிக்கு இது பரவாயில்லை. லட்ச ரூபாய் கார்டுக்கு யோசியுங்கள்.

வாங்கிய முதல் வாரத்தில் என்ன செய்யணும்?

கடையில் மாற்றித் தரும் காலம் பெரும்பாலும் சில நாட்கள்தான். அதற்குள் கீழே உள்ளவற்றை முடித்துவிடுங்கள்.

1. பெட்டிகளைத் திறப்பதை வீடியோ எடுத்து, சீரியல் எண்களைப் பில்லோடு ஒப்பிடுங்கள்.
2. பயாஸை அப்டேட் செய்து, எக்ஸ்போவை ஆன் செய்யுங்கள். ஒரு இரவு முழுக்க மெம்டெஸ்ட்86 ஓடட்டும். ஒரு பிழை காட்டினாலும் ரேமை மாற்றுங்கள்.
3. மானிட்டர் ஒயர் மதர்போர்டில் இல்லாமல் கிராஃபிக்ஸ் கார்டில் சொருகியிருக்கிறதா, விண்டோஸில் திரை 60 ஹெர்ட்ஸிலேயே நிற்கிறதா என்று பாருங்கள்.
4. ஜிபியு-இசட் மென்பொருளில் ஆர்ஓபி எண்ணைப் பாருங்கள். 5090-இல் 176, 5080-இல் 112, 5070 டிஐயில் 96 இருக்க வேண்டும். இந்த வரிசையில் சில கார்டுகள் 8 ஆர்ஓபி குறைவாக வெளிவந்ததை 2025 பிப்ரவரியில் என்விடியா ஒப்புக்கொண்டது. அப்படி இருந்தால் மாற்றிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.
5. மதிய வெயிலில், ஏசி போடாமல், கனமான கேமை ஒரு மணி நேரம் ஓட்டி வெப்பத்தைக் குறித்து வையுங்கள். பிறகு பிசியை அணைத்து, 16 பின் கனெக்டர் பக்கம் நிறம் மாறியிருக்கிறதா என்று ஒரு பார்வை.

1440பி திரை வைத்திருக்கும் ஒருவருக்கு இந்தக் கணக்கெல்லாம் சேர்ந்து தரும் பட்டியல் இப்படி இருக்கும்: 5070 டிஐ அல்லது 9070 எக்ஸ்டி, 9800எக்ஸ்3டி, பி850 மதர்போர்டு, 32 ஜிபி ரேம், 2 டிபி ஜென் 4 எஸ்எஸ்டி, 850 வாட் கோல்டு எஸ்எம்பிஎஸ், வலை முன்பக்க கேபினெட், இரட்டைக் கோபுர கூலர், 1000 விஏ சைன் வேவ் யூபிஎஸ். இதை 5080 ஆக்க ஆசை வந்தால், அந்தக் கூடுதல் பணத்தை யூபிஎஸ்ஸிலிருந்தோ எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்தோ எடுக்காதீர்கள். இரண்டு மாதம் பொறுத்து வாங்குங்கள்.